கடையில் நிற்கும் பிள்ளைக்கும் பள்ளி உண்டு!



உங்கள் கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பையனுக்கு என்ன வயது? மளிகைக் கடையில் சாமான் கட்டுபவனுக்கு? ஆம்பூர், வாணியம்பாடி தோல் பட்டறைகளுக்குப் போகும் பிள்ளைக்கு? பதினைந்து, பதினாறு என்பீர்கள். எந்த வகுப்பில் நிறுத்தினாய் என்று அவனிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். ஒன்பது என்பான். பத்தில் கணக்குப் போயிற்று என்பான். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு கேட்பார் இல்லை.

6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது பாதியில் நின்றவர் என்று 2006-ல் சச்சார் குழு அறிக்கை சொன்னது. அது அகில இந்தியக் கணக்கு. தமிழகத்து நிலை அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம் ஊர்களில் பிள்ளை நழுவுவது 14 வயதுக்குப் பிறகுதான். அந்த வயதில்தான் கடைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வயதில்தான் மகளைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்ப உம்மாவுக்கு மனம் வருவதில்லை.

2007-ல் தமிழக முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக எத்தனை மாநாடு, எத்தனை ஊர்வலம்! பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு அந்த 3.5-ஆல் என்ன பயன்? கல்லூரி வாசலில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த வாசலுக்குப் போகும் பாதையில் பிள்ளையைத் தவற விட்டு நிற்கிறோம்.

நின்ற படிப்பைத் தொடர வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்பது மத்தியக் கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் தன்னாட்சி அமைப்பு. 1979-ல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-ல் தனி நிறுவனமாயிற்று. ஆங்கிலத்தில் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். சேர்க்கை இணையத்தில் நடக்கிறது. பாடநூல் இணையத்தில் கிடைக்கிறது. விரிவுரைகள் ஸ்வயம் தளத்திலும் ஸ்வயம் பிரபா அலைவரிசைகளிலும் வருகின்றன. 2021-ல் இணைய வழிப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்கள். பெரிய கட்டடம் தேவையில்லை, சீருடை தேவையில்லை, காலை ஒன்பது மணி மணியோசை தேவையில்லை.

பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வரம்பு இல்லை. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர், இந்தப் படிப்பைப் படிக்கும் அளவுக்குக் கற்றிருக்கிறேன் என்று தாமே எழுதிக் கொடுத்துச் சேரலாம். ஐந்து பாடங்கள், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியிலேயே எழுதலாம். தமிழும் அரபியும் பாடங்களாகவே இருக்கின்றன. வணிகக் கல்வி, கணக்குப் பதிவியல், தகவல் உள்ளீடு ஆகியவையும் உண்டு. கடையில் பேரேடு எழுதும் பையன் கணக்குப் பதிவியல் எடுத்தால் பாதி பாடம் அவன் கையிலேயே இருக்கிறதே! வேறு வாரியத்தில் எழுதித் தவறியவர், தேறிய பாடங்களில் இரண்டு வரை இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்தாண்டு செல்லும். ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு நடக்கிறது. பெருநாள் வியாபாரம் முடிந்த பருவத்தில் இரண்டு பாடம், அடுத்த பருவத்தில் மூன்று என்று எழுதலாம். வியாபாரிக்கு இதைவிட வசதியான பள்ளி எது? ஹிஃப்ளு முடித்து வெளியே வரும் பதினைந்து வயது ஹாபிழுக்கும், நிக்காஹ் முடிந்து வீட்டோடு இருக்கும் தங்கைக்கும் இதே வாசல்தான். பெண்களுக்குக் கட்டணத்திலும் சலுகை உண்டு.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். படிப்பு வீட்டில்; தேர்வு வீட்டில் இல்லை. தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். "வீட்டிலிருந்தே பரீட்சை, பத்தே நாளில் மார்க் ஷீட்" என்று எவராவது வந்தால் அவர் பள்ளி நடத்துபவர் அல்லர், காகிதம் விற்பவர். கடல் கடந்து போகத் துடிக்கும் நம் இளைஞர்கள்தான் இவர்களுக்கு வாய்த்த இரை. பத்தாம் வகுப்பு தேறாதவருடைய பாஸ்போர்ட் பொதுவாகக் குடியேற்றச் சோதனை தேவை என்ற பிரிவில் வருகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி பெற வேண்டும். அதைத் தாண்டும் அவசரத்தில் ஒரு பொய்ச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டையே இழப்பதா? ஒழுங்காக எழுதினால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு. அவ்வளவு பொறுமைகூட இல்லாமலா சபர் கிளம்புகிறோம்?

குறைகளையும் மறைக்கக் கூடாது. கணக்கும் அறிவியலும் கட்டாயமில்லை என்பது பலருக்கு இனிக்கிறது. அவற்றை விட்டவனுக்குப் பாலிடெக்னிக்கிலும் பல ஐ.டி.ஐ. பிரிவுகளிலும் கதவு திறக்காது. சேரும் நாளிலேயே அடுத்த படிப்பை யோசித்துப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாநில அரசுப் பணிக்கு இந்தச் சான்றிதழின் சமநிலை குறித்து அவ்வப்போது அரசாணைகள் வருகின்றன. அந்தப் பக்கம் கண் வைத்திருப்பவர் அப்போதைய ஆணையைப் பார்த்துவிட்டே சேர வேண்டும். அவர்கள் மாநில வாரியப் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் வழியையும் விசாரிக்கலாம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர் மருத்துவ நுழைவுத் தேர்வே எழுதக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. போராடிப் பெற்ற சமநிலை அது.

இன்னொன்று. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த இதை ஒரு சாக்காக ஆக்காதீர்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு இலவசக் கட்டாயக் கல்வி 2009-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து, சண்டை போட்டு, வாத்தியாரிடம் திட்டு வாங்கிப் படிப்பதற்குக் கைப்பேசி ஈடாகாது. இணையப் பள்ளி வாசல் தவறியவனுக்கு. வாசலில் நிற்பவனை இழுத்துவந்து அதில் தள்ளுவதற்கல்ல.

கைப்பேசி இல்லையே என்ற பேச்சை ஏற்பதற்கில்லை. நள்ளிரவு வரை எந்த வீட்டில் அது அணைகிறது? கடை முதலாளிகளிடம் நாம் கேட்பது இரண்டு. மாலையில் ஒரு மணி நேரம் அந்தப் பையனைக் கல்லாவுக்குப் பின்னால் புத்தகத்தோடு உட்கார விடுங்கள். தேர்வு நாட்களில் சம்பளம் பிடிக்காதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு ஜும்ஆ முடிந்து மஹல்லாவில் படிப்பை நிறுத்திய பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் பட்டியலை எடுக்கட்டும். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த கல்லூரி மாணவர் இருவரை ஓர் அறையில் கணினியோடு உட்கார வைக்கட்டும். அருகில் எந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் இருக்கிறது என்பது நிறுவனத்தின் தளத்திலேயே தெரியும்.

நிரப்பும்போது பெயரில் கவனம் தேவை. ஆதாரில் முகமது, பிறப்புச் சான்றிதழில் முஹம்மது, பாஸ்போர்ட்டில் முகம்மது என்று மூன்று விதமாக எழுதிவைத்துவிட்டுப் பிறகு திருத்தத்துக்கு அலைவது நம் வீடுகளில் வாடிக்கையாகிவிட்டது. வாப்பாவின் பெயரும் முன்னெழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். கைப்பேசி எண்ணாகப் பையனின் எண்ணையோ வீட்டு எண்ணையோ கொடுங்கள். கணினி மையக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டால், தேர்வு அனுமதிச் சீட்டு வந்த செய்தி அவருக்குத்தான் போகும்.