பாயிண்டுப் பத்திரமும் பாகப்பிரிவினையும்

சிதம்பரத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வாழ்ந்துவந்த பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு சிவபதம் அடைந்தார். ஊருக்குள் ஒரு மெத்தை வீடு, சேத்தியாத்தோப்புப் பக்கம் கொஞ்சம் நன்செய், பாங்கியில் சிறிது ரொக்கம், இவற்றோடு 25 வருஷத்துக் காலப்பங்குப் பத்திரம் ஒன்று, இவையே அவர் விட்டுச் சென்ற ஆஸ்தி. புதல்வர் இருவர், புதல்வி ஒருத்தி. வீடும் நிலமும் ரொக்கமும் ஒரே பிற்பகலில், ஒருவர் முகம் சுளிக்காமல், மூன்று சம பாகங்களாயின. நான்காவது ஆஸ்திதான் நின்றுவிட்டது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில் மூன்று வாக்கியங்களில் பதில் வந்தது. பாயிண்டுகளைப் பங்கிட இயலாது. வாரிசுகளுள் ஒருவர் பெயருக்கு மட்டும் கட்டணம் பெற்று மாற்றித் தரப்படும். திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. அதன் அடியிலேயே, அவ்வருஷத்துப் பராமரிப்புத் தொகை இன்னும் வந்து சேரவில்லை என்ற ஞாபகக் குறிப்பு.

நாம் வக்கீல் தொழிலும் செய்பவராதலின், மூவரும் தஸ்தாவேஜைக் கையிலெடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தனர். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே. “எங்கள் தகப்பனார் இதில் விட்டுச் சென்றது சொத்தா, கடனா?”

இவ்வியாபாரத்தை அறியாத நேயர்களுக்காகச் சில வார்த்தைகள் கூறவேண்டும். டைம்ஷேர் என்று கம்பெனியார் வழங்குவதையே காலப்பங்கு என்கிறோம். மலைவாச ஸ்தலத்திலோ கடற்கரையிலோ உள்ள விடுதியின் ஓர் அறையை வருஷத்தின் 52 வாரங்களாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறையும் ஒவ்வொருவருக்கு விற்பதே இதன் ஆதி ரூபம். பிறகு வாரம் போய்ப் பாயிண்டு வந்தது. 1963-ல் சுவிட்சர்லாந்தில் ஆரம்பமான ஹாபிமாக் ஸ்தாபனம் பாயிண்டு முறைக்கு முன்னோடி. நம் தேசத்தில் ஸ்டெர்லிங் கம்பெனி 1986-லும், மஹிந்திரா குடும்பத்து விடுதிக் கம்பெனி 1996-லும் இத்தொழிலில் இறங்கின. நம்மிடம் வந்த பத்திரம் எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே வேண்டுவதில்லை. குறை ஒரு கம்பெனியில் இல்லை. வியாபாரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வாங்குபவர் முதலில் சில லக்ஷம் ரூபாய் கட்டுகிறார், அல்லது தவணையில் கட்டுகிறார். அதன் மேல், போனாலும் போகாவிட்டாலும், வருஷந்தோறும் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்றுண்டு. அது ஏறுமேயன்றி இறங்கியதாக நாம் கேட்டதில்லை.

பாயிண்டு என்பதன் மதிப்பு யாது? இதைச் சொல்ல நமது கடலூர்ச் சரித்திரமே போதும். 1690-ஆம் வருஷத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சேரும் நிலத்துக்கு எல்லை எது? கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவே எல்லை என்று ஏற்பாடு. சுட்டவர் வாங்கியவரே. பீரங்கியைத் தேர்ந்தெடுத்தவரும், மருந்து கெட்டித்தவரும், திரி கொளுத்தியவரும் அவரே. கடலூர்ப் பட்டணமும் சுற்றுப்புறக் கிராமங்களும் எல்லைக்குள் விழுந்தன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அளவுகோலை ஒரு கக்ஷியின் கையில் கொடுத்துவிட்டு எழுதும் பத்திரம் எப்படி முடியும் என்பதை இந்த ஜில்லாவாசிகளுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பாயிண்டுப் பத்திரம் பலவும் இந்த ஜாதியே. இத்தனை பாயிண்டு உமக்கு உண்டு என்று பத்திரம் சொல்லும். ஓர் இரவுக்கு, ஓர் அறைக்கு, இன்ன பருவத்துக்கு எத்தனை பாயிண்டு என்பதைக் கம்பெனி தனி அட்டவணையில் வைத்துக்கொண்டு, காலத்துக்குக் காலம் மாற்றும் அதிகாரத்தையும் தனக்கே ஒதுக்கிக்கொள்ளும்.

இனிப் பாகப்பிரிவினைக்கு வருவோம். ஓர் அறையை மூன்றாக அறுக்க முடியாது என்றால் ஒப்புக்கொள்வோம். ஒரு வாரத்தைக்கூட மூவர் பங்கிடுவது தொல்லைதான். ஆனால் பாயிண்டு என்பதோ வெறும் எண். 900 பாயிண்டு மூன்று 300 ஆகாது என்று எந்தக் கணக்குப் பிள்ளை சொல்லுவார்? “இங்கே நான்கு இரவு, அங்கே மூன்று இரவு, இஷ்டம்போல் உடைத்துக்கொள்ளலாம்” என்று ஹோட்டல் ஹாலில் விருந்து வைத்து விற்றபோது சொன்ன பேச்சு, வாரிசுகள் வந்து நிற்கும்போது மட்டும் ஏன் மாறவேண்டும்? பிரியக்கூடிய வஸ்துவைப் பிரிக்கலாகாது என்று தடுப்பது பத்திரத்தின் ஷரத்தேயன்றி வஸ்துவின் இயல்பன்று.

காலத்தைப் பங்கிட்டு அனுபவிப்பது நமக்குப் புதிய சங்கதியுமன்று. சிதம்பரத்தில் நடராஜப் பெருமான் சந்நிதியில் பொது தீக்ஷிதர்கள் முறை வைத்தே பூஜை செய்கின்றனர். விவாகமான தீக்ஷிதருக்கு முறை உண்டு. இன்னின்னார்க்கு இன்ன நாள் என்ற கிரமம் உண்டு. ஆலய நிர்வாகம் யாரைச் சேர்ந்தது என்ற வழக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ந்தது. அந்த விவாதத்துக்குள் நாம் இப்போது புகவில்லை. நாம் குறிப்பது, நாளும் முறையும் ஒருவரது பாத்தியதையாகலாம் என்பதை நம் சமூகம் எவ்வளவு காலமாக அறிந்திருக்கிறது என்பதையே.

முறைப் பாத்தியதையைப் பற்றி நியாயஸ்தலங்களும் நன்றாக ஆராய்ந்திருக்கின்றன. மலையாளத்துக் கோயில் ஒன்றின் ஊராளர்கள் தம் நிர்வாக உரிமையைப் பணத்துக்கு மாற்றிக் கொடுத்த வழக்கில், அது செல்லாது என்று 1876-ல் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது. தெய்வ கைங்கரியம் சந்தைச் சரக்கன்று என்பது அதன் கருத்து. ஆனால் கல்கத்தாவில் காளி கட்டத்து ஹால்தார்களின் ‘பாலா’ என்னும் பூஜை முறை பற்றிய வழக்கில், 1915-ஆம் வருஷத்து ரிப்போர்ட்டில் உள்ள தீர்ப்பு வேறு விதம். அந்த முறை வாரிசுகளுக்கு இறங்கும், வாரிசுகளுக்குள் பங்காகும், வழக்கத்தை அனுசரித்து ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள் விலைக்கும் மாறும் என்று ஹைகோர்ட்டார் ஒப்புக்கொண்டனர். தேவியின் சந்நிதியில் பூஜை செய்யும் நாளுக்கே பங்கும் மாற்றமும் கூடுமாயின், கொடைக்கானலில் குளிர் காயும் நாளுக்குக் கூடாதோ? இங்கே தெய்வத்துக்கு ஏற்படும் குறை ஏதுமில்லை.

விற்பனை விஷயத்தில் கம்பெனிகள் நேராக இல்லையென்று சொல்வதில்லை. விற்கலாம், ஆனால் எங்கள் அனுமதி வேண்டும், மாற்றுக் கட்டணம் வேண்டும், வாங்குபவருக்குச் சில சலுகைகள் கிடையா என்று கிளை கிளையாக ஷரத்துக்கள். விற்க வந்தவருக்குப் போட்டி யார்? புதுப் பத்திரத்தைப் பரிசுப் பொருளுடன் விற்கும் அதே கம்பெனி. ஆகவே பழைய பத்திரத்துக்குக் கிரயம் கிடைப்பது அருமை. இந்தத் தவிப்பைக் கண்டு பிழைக்கும் ஒரு கூட்டமும் புறப்பட்டிருக்கிறது. “உங்கள் பத்திரத்துக்கு ஆள் ரெடி” என்று டெலிபோனில் பேசி, பதிவுச் செலவுக்கென்று முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகும் தரகர்களிடம் நேயர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2009-ல் இயற்றிய சட்டத்தில், மறுவிற்பனைத் தரகர் விற்பனை முடியுமுன் ஒரு காசும் வாங்கலாகாது என்று வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தில், கையெழுத்திட்டவர் 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம் என்றும் உண்டு. நமக்கோ காலப்பங்குக்கென்று தனிச் சட்டமே கிடையாது. சீட்டு எடுக்காத சந்தாதாரர் தம் பாத்தியதையை மற்றொருவருக்கு எழுதிக் கொடுக்க 1982-ஆம் வருஷத்துச் சீட்டுச் சட்டம் இடங்கொடுக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக்காரருக்குள்ள பந்தோபஸ்து, லக்ஷங்களைக் கொட்டியவருக்கு இல்லை.

திரும்ப வாங்கிக்கொள்ளும் விஷயம்தான் சிக்கலானது. இதில் கம்பெனியார் கூறும் சமாதானத்தை முதலில் நியாயமாகக் கேட்போம். “திரும்ப எடுத்துக்கொள்வதாக வாக்களித்தால் செபி எங்களைப் பிடிக்கும்” என்கிறார்கள். இது முழுப் பொய்யன்று. மும்பாயைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் என்ற கம்பெனி, அறை இரவுகள் என்ற பெயரால் ஜனங்களிடம் பணம் திரட்டிற்று. தங்கினால் தங்கலாம்; தங்காவிட்டால் தவணை முடிவில் கட்டியதற்கு மேல் ஒரு தொகை கிடைக்கும் என்பது ஆசை வார்த்தை. சுமார் 51 லக்ஷம் பேரிடமிருந்து திரட்டிய 7,035 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி 2016 பிப்ரவரியில் செபி உத்தரவிட்டது. அனுமதியின்றி நடத்திய கூட்டு முதலீட்டுத் திட்டமே இது என்பது அதன் தீர்மானம். ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் விஷயத்திலும் 2015-ல் இதே முடிவு. தங்குவதற்கு வந்தவர்களல்லர் அந்த ஜனங்கள், வட்டிக்கு வந்தவர்கள். விடுதியின் பெயரால் நடந்தது டெபாசிட் வியாபாரம். அதைத் தடுத்தது சரியே.

ஆனால் லாபத்தோடு திரும்ப வாங்குவேன் என்பதும், நஷ்டம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்பதும் ஒன்றா? முன்னது ஆசை காட்டிப் பணம் பறிப்பது; பின்னது ஒப்பந்தத்திலிருந்து கௌரவமாக விலக வழி. முன்னதற்கு விதித்த தடையைக் காட்டிப் பின்னதையும் மறுப்பது வக்கீல் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியம் நமக்கும் சற்றுப் பரிசயமானதே.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி நம் சட்டப் புஸ்தகத்திலேயே இருக்கிறது. 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தைப் பாருங்கள். அதற்கு முன் பல கம்பெனிகள், சில வருஷம் பிரீமியம் கட்டி நிறுத்தியவனின் பணத்தை அப்படியே விழுங்கிவந்தன. மூன்று வருஷம் தொடர்ந்து கட்டிய ஆயுள் பாலிசிக்குச் சரண்டர் மதிப்பு உண்டு என்று அச்சட்டம் கட்டாயப்படுத்திற்று. கட்டியதைவிடக் குறைவாகவே கிடைக்கும், ஆயினும் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் தொழில் அதனால் அழிந்துவிட்டதா? பாயிண்டுப் பத்திரத்துக்கும் இம்மாதிரியே செய்யலாம். பத்து வருஷம் அனுபவித்தவருக்கு அந்தப் பத்து வருஷத்தைக் கழித்து, விற்பனைச் செலவையும் கழித்து, மிச்ச வருஷங்களுக்கு ஈடாக ஒரு தொகை, பத்திரத்திலேயே அச்சிட்ட அட்டவணைப்படி. எல்லாரும் ஒரே நாளில் சரண்டர் செய்தால் விடுதியை நடத்துவது எப்படி என்று கம்பெனி கேட்கும். வருஷத்துக்கு இத்தனை சரண்டர்தான் என்று வரம்பு கட்டட்டும். முறை வைத்துக் காத்திருக்க ஜனங்கள் அறிவார்கள். தொகை ஏதும் வேண்டாம், விட்டால் போதும் என்பவரையும் விடமாட்டேன் என்பதற்கு மட்டும் நியாயம் ஏதுமில்லை.

தற்போதுள்ள சட்டத்தில் பரிகாரமே இல்லையென்று நாம் கூறவில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அநியாய ஒப்பந்தம் என்ற புது ஏற்பாடு இடம்பெற்றிருக்கிறது. நுகர்வோர்மீது நியாயமற்ற சுமையை வைக்கும் ஷரத்தைச் செல்லாதென்று கமிஷன் அறிவிக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் மாகாணக் கமிஷனுக்கும் அதற்கு மேற்பட்ட தேசியக் கமிஷனுக்குமே உண்டு. கடலூர் ஜில்லா கமிஷன், அறை கொடுக்கவில்லை, சொன்ன சேவை செய்யவில்லை என்பது போன்ற குறைகளைத் தான் விசாரிக்கும். பத்திரத்தில் மத்தியஸ்த ஷரத்து இருக்கிறதே என்று பயந்து பேசாதிருக்க வேண்டாம். அது நுகர்வோர் கமிஷனின் கதவை அடைக்காது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் சென்னைக்கு நடந்து தனித்தனியே ஒரே ஷரத்தை உடைப்பதென்றால் எத்தனை காலம் ஆகும்?

ஆகவே நம் சட்டசபையார் முன்வரவேண்டும். டில்லி பார்த்துக்கொள்ளும் என்று தட்டிக்கழிக்க இடமில்லை. ஒப்பந்தம் என்பது அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ள விஷயம். ஜனாதிபதியின் சம்மதம் பெற்று மாகாணமே சட்டம் செய்யலாம். பணம் வாங்கி ஏமாற்றிய நிதி ஸ்தாபனங்களைப் பிடிக்க 1997-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் 2011-ல் தோற்றுத் திரும்பினார்கள். அன்று இருந்த துணிவு இன்று இல்லாமற் போகக் காரணமில்லை. அட்டவணையைப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும், வாரிசுகள் கேட்டால் பாயிண்டைப் பிரித்துக் கொடுக்கவேண்டும், மாற்றுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும், சரண்டர் மதிப்பு வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். பத்துப் பக்கத்து மசோதாவில் அடங்கிவிடும்.

நம்மிடம் வந்த மூவருக்கு நாம் கூறிய யோசனையைப் பிறர்க்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம். யார் பெயருக்கும் மாற்றிக்கொள்ள அவசரப்பட்டுக் கையெழுத்திடலாகாது. பழைய நாளில் தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்று கோர்ட்டே கட்டாயப்படுத்தியது. 2005-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப்பின் ஏற்பட்ட கடனுக்கு அந்தத் தர்மத்தைக் காரணங்காட்டி மகன்மீது பிராது செய்ய முடியாது. கம்பெனிக்குப் பாக்கி இருந்தால் தகப்பனார் விட்ட ஆஸ்தியின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. அவர்களது சொந்தச் சம்பாத்தியம் தப்பும். ஆனால் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டால், வருஷாவருஷம் கட்டும் பொறுப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

மூத்தவருக்குச் சபலம் இருந்தது. அப்பா ஆசையாக வாங்கியதாயிற்றே என்றார். தங்கைதான் அண்ணனைத் தடுத்து, மூன்று பாகமாகப் பிரித்துக் கொடுங்கள், இல்லையேல் கணக்குப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பச் சொன்னாள். நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வரவில்லையெனில் ஆடி கழிந்ததும் சென்னைக் கமிஷனில் பிராது தாக்கலாகும்.