கறுவா எங்கட, கடிகாரம் ஆருடையது?

முதல் தடவை சினமன் ரோல் செய்து, அது கல்லுப்போல வந்தவுடன் "எனக்குக் கைப்பக்குவம் இல்லை" என்று சொல்லி, மிச்ச ஈஸ்ட் பக்கற்றைப் பிறிஜ்ஜின் மூலையில் போட்டுவிட்டவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கட கையில் பெரிய பிழை இருந்திருக்காது. நீங்கள் பார்த்துச் செய்த குறிப்பு வேறொரு நாட்டுக் குசினிக்கு எழுதப்பட்டது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் கிடைக்கிற சினமன் ரோல் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் இருந்து வருபவை. அவற்றில் இரண்டு வசனங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, "மாவை ஒன்றரை மணித்தியாலம் பொங்க விடுங்கள்". மற்றது, "அறை வெப்பநிலையில் உள்ள பட்டரைப் பூசுங்கள்". எந்த அறை? அவர்களுடைய அறை 20, 21 பாகை செல்சியஸ். சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மத்தியானக் குசினி 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். ஈஸ்ட் ஓர் உயிர். சூட்டில் அது வேகமாக வேலை செய்யும். அங்கே ஒன்றரை மணித்தியாலம் எடுக்கிற வேலையை இங்கே முக்கால் மணித்தியாலத்தில் முடித்துவிடும். அதற்குப் பிறகும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் மா புளிக்கும், கள் மணம் வரும், போறணைக்குள் போனதும் அமுங்கிவிடும்.

நான் போன விடுமுறையில் வீட்டில் முதல் தடவை செய்து பார்த்தேன். 250 கிராம் கோதுமை மா, 120 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுப் பால், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், மூன்று மேசைக்கரண்டி சீனி, 40 கிராம் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு. ஆறு ரோலுக்குப் போதும். குழைத்து மூடி வைத்து நாற்பது நிமிடம் இருக்கும். அந்தப் பக்கம் வந்த அம்மம்மா துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது பொங்கிட்டுது. இன்னும் விட்டா புளிச்சுப்போடும்" என்றா. அவ வாழ்க்கையில் சினமன் ரோல் சாப்பிட்டதே இல்லை. ஆனால் குறிப்பு எழுதினவரைவிட எங்கட வீட்டு மாவைப் பற்றி அவவுக்குக் கூடத் தெரியும். விரலில் மா தொட்டு அழுத்திப் பார்த்தேன். பள்ளம் மெதுவாக, பாதிதான் திரும்பி வந்தது. பதம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தோசைக்கும் அப்பத்துக்கும் காலங்காலமாக மா புளிக்க வைக்கிற வீடுகள் எங்கட. மார்கழி மழையில் மா பொங்கச் சுணங்கும் என்றும், பங்குனி வெயிலில் இரவு கரைத்து வைத்தால் விடிய முதலே பாத்திரத்தை விட்டு வெளியே வரும் என்றும் எங்கட அம்மாக்களுக்குத் தெரியும். முந்தி அப்பத்துக்குக் கள் விட்டார்களே, அதிலும் வேலை செய்தது இதே ஈஸ்ட் இனம்தான். ஆனால் இந்த அறிவை நாங்கள் அறிவு என்று கணக்கெடுப்பதில்லை. வீடியோவில் ஒருவர் வெப்பமானியை மாவுக்குள் குத்திக் காட்டினால் அது விஞ்ஞானம். அம்மம்மா மணந்து பார்த்துச் சொன்னால் அது "பழைய ஆக்களின்ர கதை". விரிவுரை மண்டபத்தில் யாருடைய அறிவு மையம், யாருடையது விளிம்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதே கேள்வியைக் குசினிக்குள்ளும் கேட்டுப் பார்க்கலாம்.

அதற்காக, வீட்டில் எல்லாமே தெரியும் என்றும் சொல்ல வரவில்லை. கோதுமை மாவில் எங்கட கை வேறு விதமாகப் பழகியது. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை முதலில் அவித்து, அரித்து எடுக்கிறோம். அவிக்கும்போது மாவின் இழுவைத்தன்மை போய்விடும். அதனால்தான் புட்டு உதிரியாக வருகிறது. சினமன் ரோலுக்கு வேண்டியது நேரெதிர். அவிக்காத மாவைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடாமல் குழைத்து, அந்த இழுவையை வளர்க்க வேண்டும். கொஞ்ச மாவைக் கிள்ளி விரலால் விரித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும். பரோட்டா போடுகிற அண்ணைமாரின் கையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எங்கட ஈரக்காற்றில் மாவும் கொஞ்சம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஆகவே பாலை ஒரேயடியாக ஊற்றாமல் கடைசி இரண்டு கரண்டியைக் கையில் வைத்திருங்கள்.

பட்டர் கதையும் இப்படித்தான். எங்கட அறையில் வெளியே வைத்த பட்டர் எண்ணெயாகிவிடும். அதைப் பூசிச் சுருட்டினால் சீனியோடு சேர்ந்து ஒழுகித் தட்டின் அடியில் கருகும். பிறிஜ்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் பூசுங்கள். சீனி, கறுவாத்தூள் கலவைக்குள் ஒரு தேக்கரண்டி கோதுமை மா போட்டால் அது பிடித்து வைத்திருக்கும். சுருளைக் கத்தியால் அமர்த்தி வெட்டாமல் தையல் நூலைக் கீழே விட்டு, மேலே குறுக்காக இழுத்து வெட்டினால் வட்டம் நசியாது. வெட்டியதைத் தட்டில் அடுக்கி, இன்னொரு இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டு, 180 பாகையில் 20 முதல் 25 நிமிடம் வரை. அதிலும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு நிறத்தைப் பாருங்கள், மணிக்கூட்டை அல்ல.

இனி கறுவா. அமெரிக்கக் கடைகளில் "சினமன்" என்று விற்பதில் பெரும்பகுதி கசியா. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் பக்கம் விளைகிற வேறு இனம். பட்டை தடிப்பு, காரம் கூட. கூமரின் என்ற பொருளும் அதில் கூட இருக்கிறது. அது அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் ஈரலுக்குக் கூடாது. எங்கட கறுவாவில் அது மிகச் சொற்பம். உலகத்தில் உண்மையான கறுவாவை அதிகம் விளைவிக்கிற நாடு இலங்கை. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் சினமன்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு அது. காலி, மாத்தறைப் பக்கம் கையால் உரித்து, மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்கிற அந்தக் குழல்கள் வீட்டுக் கிரைண்டரிலேயே சுகமாகப் பொடியாகும். மணம் மென்மையானது. கசியாவை மனதில் வைத்து எழுதின அளவைவிட ஒன்றரை மடங்கு போட்டால்தான் எனக்குப் பிடித்தது. ஒரேயொரு கவனம், கறுவாவை மாவுக்குள் நிறையக் கலக்க வேண்டாம். அதன் எண்ணெய் ஈஸ்ட்டை மந்தமாக்கும். அதன் இடம் சுருளுக்குள்தான்.

"ஏன் இந்த வெள்ளைக்காரச் சாப்பாட்டுக்கு இவ்வளவு மினக்கெடவேணும், பேக்கரியில் பணிஸ் வாங்கலாமே" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பாணும் போறணையும் போர்த்துக்கேயர் வழியாக வந்த சொற்கள். இன்று அவை இல்லாமல் எங்கட காலைச் சாப்பாடு இல்லை. சுவீடனில் கறுவா விளைவதில்லை. ஆனாலும் அவர்கள் மாவுக்குள் ஏலக்காய் போட்டு, மேலே வெள்ளைச் சீனிக்கட்டி தூவித் தங்கட பணிஸ் ஆக்கிக்கொண்டார்கள். ஒக்டோபர் 4 அங்கே கறுவாப் பணிஸ் நாள். அமெரிக்கர் கிறீம் சீஸ் பூசினார்கள். கறுவா விளைகிற நாட்டுக்காரர் நாங்கள், விலை கூடின கிறீம் சீஸ் இல்லையென்று கவலைப்படத் தேவையில்லை. ரின்பாலில் தேசிக்காய்ப் புளி நாலு சொட்டு விட்டு அடித்து மேலே ஊற்றலாம். ஏலக்காயும் இருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயமா? 2022இல் காஸ் வரிசையில் நின்ற வீடுகளில், பழுதாகிற ஒரு தட்டு ரோல் என்பது மா, பட்டர், கரண்ட் என்று கணக்கிடப்படுகிற காசு. பழகுகிறவருக்குப் பிழைவிட இடம் வேண்டும். அந்த இடம் எங்கட வீடுகளில் எல்லாருக்கும் ஒரேயளவு இல்லை. தம்பி ஒருநாள் அடுப்படிக்குப் போனால் கைதட்டுகிற வீடு, தங்கச்சியின் தட்டுக் கருகினால் "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போறாய்" என்று கேட்கும். ஒவன் இல்லாத வீடுகளும் ஏராளம். மூடியுள்ள தடித்த பாத்திரத்துக்குள் ஒரு தாங்கி வைத்து, குறைந்த நெருப்பில் செய்தாலும் ரோல் வேகும். மேற்பக்கம் மட்டும் சிவக்காது. அதை எந்த வெளிநாட்டுக் குறிப்பும் சொல்லாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். செய்து பார்க்கிறவர்கள் படம் மட்டும் போடாமல் குறிப்பும் எழுதுங்கள், தமிழில். எந்த ஊர், எந்த மாதம், மழையா வெயிலா, எவ்வளவு மா, எத்தனை நிமிடத்தில் பொங்கியது, எந்த அடுப்பு. சரிவராததையும் எழுதுங்கள். மன்னார் வெயிலில் எடுத்த நேரமும் நுவரெலியாக் குளிரில் எடுத்த நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அடுத்ததாகப் பழக வருகிற பிள்ளை தன் கையைக் குறைசொல்ல முதல் குறிப்பைச் சந்தேகிப்பாள். எங்கட வீட்டில், ஆவணி வெயிலில், நாற்பது நிமிடம். முதல் வரி என்னுடையது.