மறதிக்கு முதுமை மட்டும்தான் பொறுப்பா?

முதுமையின் மீது பழி போடுவது எளிது. அது எதிர்த்துப் பேசாது. நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் நேற்று வந்து போன மருமகனை இன்று மறந்துவிட்டால், "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு மறந்தால் வயது. மஃரிபுத் தொழுகையில் இரண்டாவது ரக்அத்தா, மூன்றாவது ரக்அத்தா என்று தடுமாறி நின்றால் வயது. பேச்சின் நடுவே பெயர் சிக்காமல் திகைத்தால் அதுவும் வயதே! ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, நாமே தண்ணீரும் ஊற்றிக் கொடுத்து, அப்பெரியவரின் உள்ளங்கையில் வைக்கின்றோமே ஒரு சிறு மாத்திரை, அதன்மீது மட்டும் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அம்மாத்திரையையும், அதை ஆண்டுக்கணக்கில் கேள்வி கேளாமல் உள்ளே அனுப்பும் நம் அனைவரையும் இங்கே கூண்டில் ஏற்ற விரும்புகிறேன்.

நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, மன அமைதி மாத்திரை என்று நாம் பலவாறு அழைப்பினும், இவற்றுள் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பென்சோடயசிபைன் என்பது அக்குடும்பத்தின் பெயர். அமெரிக்காவில் ஹாஃப்மன் லாரோஷ் நிறுவனத்தில் பணியாற்றிய லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலர் கண்டெடுத்த முதல் மருந்து 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963இல் வேலியம் வந்தது. வேலியம் என்பது டையசிபாம். நம் நாட்டில் காம்போஸ் என்ற பெயரில் ஒரு தலைமுறையே அதை அறிந்திருந்தது. பின்னர் லோரசிபாம், குளோனசிபாம், 1981இல் அல்பிரசோலம் என்று குடும்பம் பெருகிற்று. அதற்கு முன்பு வழங்கிய பார்பிட்டுரேட் மருந்துகள் சற்றே அளவு மீறினும் உயிரைக் குடித்துவிடும். அவற்றோடு ஒப்பிட இவை பாதுகாப்பானவை என்பதை மறுப்பார் இலர். வலிப்பு நோயாளியின் உயிரைக் காப்பதும், குடியை நிறுத்துபவனின் நடுக்கத்தை அடக்குவதும், திடீரென மூச்சு முட்டி நெஞ்சு படபடக்கும் பெருந்திகிலைத் தணிப்பதும் இம்மருந்துகளின் நற்பணிகள். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை.

என் வழக்கு வேறு. மூளையில் காபா என்றொரு இரசாயனம் இருக்கிறது. நரம்பணுக்களின் ஓட்டத்துக்குக் கடிவாளம் இடுவது அதன் வேலை. இம்மாத்திரைகள் அந்தக் கடிவாளத்தை மேலும் இறுக்குகின்றன. அச்சம் எழும் இடத்தில் மட்டும் இறுக்கினால் நன்று. ஆனால் மருந்துக்கு முகவரி தெரியாதே! நினைவைப் பதிக்கும் பகுதியிலும், கவனத்தை நிறுத்தும் பகுதியிலும், காலடியைச் சமன்செய்யும் பகுதியிலும் அது ஒருசேர இறுக்குகிறது. முன்னரே பதிந்த நினைவுகள் அழிவதில்லை. புதியவைதாம் பதிய மறுக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய திருமணத்தை விவரிக்கும் பாட்டியாருக்கு, இன்று காலை உண்டது இடியாப்பமா ஆப்பமா என்று சொல்ல முடியாமற் போகிறது. மூளைத் தேய்வு நோயின் தொடக்கமும் ஏறக்குறைய இத்தகைய தோற்றமே கொண்டிருப்பதால், வீட்டார் மட்டுமின்றி மருத்துவரும் சிற்சில வேளை ஏமாந்துபோகிறார்.

இது கற்பனைக் குற்றச்சாட்டன்று. அறுவைக் கூடத்தில் மிடசோலம் என்னும் இதே குடும்பத்து மருந்தை ஊசியாகப் போடுவது எதற்காக? நோயாளியின் பதற்றம் தணிவதற்கும், அங்கே நடப்பது அவர் நினைவில் தங்காதிருப்பதற்கும் அல்லவா? அறுவைக் கூடத்தில் அரை மணி நேரத்துக்கு வேண்டிப் பெறுகிற மறதியை, அடுக்களையிலும் கடைத்தெருவிலும் பத்தாண்டு காலம் சுமப்பவர்களைப் பற்றித்தான் என் கவலை.

நீலகிரியில் குந்தா வட்டத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட அம்மலைப் பகுதியில் படகர் ஊர்கள் உண்டு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள் உண்டு. 1950களின் பிற்பகுதியில் கனடா நாட்டின் உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தையொட்டிக் குடியேறிய குடும்பங்கள் உண்டு. மலைக்கு வணிகத்தின் பொருட்டு ஏறிவந்து அங்கேயே தங்கிவிட்ட நம்மவரும் உண்டு. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை சரிந்தது முதல் சிறு விவசாயியின் உறக்கமும் சரிந்ததென்றே சொல்லலாம். பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைப்புக்காக இறங்கிவிட, பனிக்காலத்து நீண்ட இரவில் தனித்திருக்கும் முதியோர்க்கு உறக்கம் வாராதிருப்பதில் வியப்பென்ன? ஒருநாள் மகன் வந்து அத்தாவை உதகைக்கோ கோவைக்கோ அழைத்துச் செல்கிறான். நெஞ்சு படபடப்புக்கும் உறக்கமின்மைக்கும் மருத்துவர் ஒரு மாத்திரை எழுதுகிறார். பதினைந்து நாளைக்கு என்றுதான் எழுதுகிறார். பின்னர் மலைப்பாதையின் வளைவுகளை எண்ணி மலைத்து, மறுபடி எவரும் மருத்துவரிடம் போவதில்லை. சீட்டு மட்டும் சட்டைப்பையில் மடிந்து, ஓரம் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து, ஆறாண்டு காலம் உழைக்கிறது! பதினைந்து நாள் ஆறாண்டு ஆனதை எழுதிய மருத்துவர் அறியார், உண்பவரும் உணரார்.

சமவெளியில் இம்மருந்து தரும் தள்ளாட்டம் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டால் தீரும். குந்தாவில் வீட்டு வாசலே படிக்கட்டு. அதுவும் பாசி பிடித்த படிக்கட்டு. விடியற்காலை பஜ்ருக்கு எழுந்து, உறைபனியில் ஒளு செய்ய வெளியே வரும் முதியவருக்கு முந்தின இரவின் மாத்திரை இன்னும் உடலை விட்டுப் போயிருக்காது. டையசிபாம் இருபது வயது இளைஞனின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறதென்றால், எண்பது வயது முதியவரிடம் ஏறத்தாழ 90 மணி நேரம் ஆகிறதென்று 1975ஆம் ஆண்டிலேயே ஆய்வு வெளியாயிற்று. அதாவது திங்கள் இரவு விழுங்கியது வெள்ளிக்கிழமை மாலையிலும் பாதியளவு உடலில் நிற்கும். இடையில் மேலும் மூன்று மாத்திரைகள் அதன்மேல் குவிந்திருக்கும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தபின், "படி வழுக்கிவிட்டது" என்கிறோம். காட்டெருமை குறுக்கே வரும் தோட்டத்துப் பாதையில் நடப்பவருக்கும், கெத்தை வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறக்கும் ஓட்டுநருக்கும் கணநேரத் தாமதம் என்ன விலை கேட்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி மருந்துக் கடைக்காரரிடம் சில சொற்கள். இத்தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் இருக்கின்றனர். ஆகவே வருத்தமின்றிக் கேட்பார்கள் என நம்புகிறேன். அல்பிரசோலம், டையசிபாம், குளோர்டயசிபாக்சைடு, நைட்ரசிபாம் ஆகியவை மருந்துச் சட்டவிதிகளின் எச்1 பட்டியலில் உள்ளவை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் அவ்விதியின்படி, எழுதிய மருத்துவர் யார், வாங்கிய நோயாளி யார், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காத்தல் வேண்டும். பதிவேடு இருக்கிறதா? இருக்கலாம். ஆனால் பழகிய முகம் வந்து, "வழக்கமா வாங்குறதுதான் பாய், ரெண்டு அட்டை குடுங்க" என்று கேட்டால் கை தானாக அலமாரிக்குப் போகிறதா, இல்லையா? "கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார்" என்னும் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எதிர்க்கடைக்காரரும் இதே பதிலைத்தான் சொல்கிறார்! உறவின் பெயரால் செய்கிற இந்த உதவி, அவ்வுறவினரின் நினைவாற்றலிலிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது என்பதை இருவருமே எண்ணுவதில்லை.

மருத்துவ உலகம் இதை அறியாதிருந்ததா? இல்லை. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988ஆம் ஆண்டிலேயே இம்மருந்துகளை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் தரலாகாது என்று அறிவுறுத்திற்று. 2004இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் 13 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நெடுங்காலம் உண்டவர்களிடம் நினைவு, கவனம், விரைவு என்று சோதித்த எல்லாத் துறையிலும் குறைவு காணப்படுவதாக எழுதினர். நிறுத்தியபின் தேறுதல் உண்டு. ஆயினும் பல மாதங்கள் சென்றும் முழுமையாகத் திரும்பவில்லை என்றும் அவர்கள் கண்டனர். 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இவற்றுக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விரிவுபடுத்தி, அடிமைத்தனத்தையும் நிறுத்தும்போது வரும் இடர்களையும் அட்டைப்பெட்டித் தாளிலேயே அச்சிடச் செய்தது.

ஒன்றை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். இம்மாத்திரைகள் நிலையான மூளைத் தேய்வு நோயை உண்டாக்குகின்றன என்று நான் வாதிடவில்லை. 2014இல் கனடாவின் கியூபெக் மாநிலத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு அப்படி ஒரு தொடர்பு இருப்பதாகக் கூறிற்று. 2016இல் அமெரிக்க ஆய்வொன்று காரண காரியத் தொடர்பைக் காணவில்லை என்றது. அது அறிஞர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. உண்ணும் காலத்தில் நினைவு மங்குகிறது என்பதில் வழக்கே இல்லை. என் வாதத்துக்கு அதுவே போதும்.

"அப்படியானால் உறக்கமின்றித் தவிக்கும் தாயைத் தவிக்க விடுவதா?" என்று ஒரு சாரார் கேட்பர். இன்னொரு சாரார், "அதனால்தான் சொல்கிறோம், ஈமான் உறுதியாக இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று என் பக்கம் வந்து நிற்பர். முன்னவரைவிட இந்தப் பின்னவரைக் கண்டே நான் அஞ்சுகிறேன். அவர்களுடைய தோழமை எனக்கு வேண்டா. மனநோயை மருத்துவத்துக்கு வெளியே நிறுத்தியதன் விளைவை நாம் ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில் அங்கிருந்த காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தனர். 28 உயிர்கள் போயின. மனப்பதற்றத்தை ஈமானின் குறையென்று நம் முன்னோர்களும் கருதவில்லை. பத்தாம் நூற்றாண்டுவரை வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர் உடல்நலத்துக்கும் உளநலத்துக்குமாக ஒரே நூலை எழுதினார். அச்சம், துயரம், விடாது அரிக்கும் எண்ணம் ஆகியவற்றை அவர் தனித்தனி நோயாகப் பிரித்தறிந்தார். அவசரத்துக்கென மருந்தை வீட்டில் வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்துவைத்துக் கலங்கும் வேளையில் எடுத்தாள வேண்டுமென்றார். இன்று மனநல மருத்துவர்கள் எண்ணப் பயிற்சி என்று கற்பிக்கும் சிகிச்சையின் சாயலை அதில் காண்கிறோம். நீடித்த உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னதாகத் தரவேண்டியது அத்தகைய பயிற்சியே என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் முடிவுமாகும்.

இக்கட்டுரையைப் படித்த வேகத்தில் எவரும் இன்றிரவே மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிட வேண்டா! பல மாதம் உண்டதைத் திடுமென நிறுத்தினால் உறக்கம் அறவே போகும், கை நடுங்கும், பழைய பதற்றம் இருமடங்காகத் திரும்பும், வலிப்பே வரக்கூடும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே மருத்துவமனைப் பிரிவு நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், சிறிது சிறிதாக, மாதக்கணக்கில் குறைப்பதே வழி என்று காட்டினார். குறைக்கும் அளவை மருத்துவரே கூறவேண்டும். ரமலான் மாதத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நாளுக்கு மூன்று வேளை அல்பிரசோலம் உண்பவர், நோன்பு என்பதால் பகல் வேளையைத் தாமாகவே விட்டுவிட்டு, நான்காம் நாள் நடுக்கத்தோடு படுத்துக்கொள்கிறார். வீட்டார் அதை நோன்பின் களைப்பு என்கின்றனர். ஷஃபான் பிறக்கும்போதே மருத்துவரைக் கண்டு வேளைகளை மாற்றியமைத்துக்கொண்டால் இத்துன்பம் இல்லை. நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இருக்கவே இருக்கிறது.

தேயிலை நாட்டில் இதைச் சொல்வது வம்புதான், ஆயினும் சொல்கிறேன். இஷா முடிந்து ஒன்பது மணிக்குக் கெட்டித் தேநீர் ஒரு குவளை அருந்துவது, பத்து மணிக்கு உறக்கம் வரவில்லை என்று மாத்திரை விழுங்குவது என்னும் முரண்பாட்டை நான் குந்தாவில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அத்தேநீரை அஸருக்கு முன்பாக நகர்த்திப் பார்க்கும்படி யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

பெரியவர் ஒருவருக்கு மறதி தோன்றினால், தலையைப் படம்பிடிக்கப் பல்லாயிரம் ரூபாய் செலவிடுவதற்கு முன்பாக அவருடைய மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் கொண்டுபோய், "டாக்டர் ஐயா, இவற்றுள் எது அத்தாவின் நினைவை மங்கச் செய்யும்? எதை எப்போது நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். சளி மருந்திலும் அரிப்பு மாத்திரையிலும்கூட அறிவை மங்கச் செய்பவை உண்டு. உதகையில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலையை விட்டு இறங்க இயலாதவர்க்கு 14416 என்ற எண்ணில் கட்டணமில்லா மனநல ஆலோசனை தொலைபேசி வழியே கிடைக்கிறது. மருந்துக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள், அடுத்த முறை அந்தக் கிழிந்த சீட்டு கைக்கு வரும்போது, அதில் எழுதியுள்ள தேதியைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். ஓராண்டுக்கு முந்தியதென்றால் மருத்துவரின் எண்ணுக்கு அங்கேயே நின்று ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்கட்டும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனால், எதிர்க்கடைக்காரரும் அதே தேதியைப் படித்துக் காட்டும்படி, மஞ்சூர் கடைத்தெருவிலுள்ள மருந்துக் கடைக்காரர் அனைவரும் ஒருநாள் கூடிப் பேசி ஒப்புக்கொள்ளட்டும்.