உறைபனிக் காலமும் உழவர் பொறுமையும்

நீலகிரி ஜில்லாவில் 7,000 அடிக்கு மேல் உயர்ந்துள்ள உதகமண்டலத்தைச் சுற்றிய கிராமங்களிற் கார்த்திகை முதல் மாசி வரையில் உறைபனி விழுதல் உண்டு. தை பிறந்து பகல் வெயில் ஏறக் கண்டதும், முதற் சந்தை விலையைக் கருதி உருளைக்கிழங்கும் பீன்ஸும் பயிரிட விரைவோர் பலர். மேகமும் காற்றுமில்லாத ஓரிரவு போதும், இளந்தளிர் கருகிவிடும். உருளை மீண்டும் துளிர்ப்பினும் மகசூல் குறையும்; பீன்ஸோ அடியோடு மடியும். கடன் மாத்திரம் மிஞ்சும்.

ஆதலின் பங்குனி வரையிற் பொறுத்திருத்தலே இலாபம் என்பது எமது அபிப்பிராயம். ஆனால் பொறுத்திருத்தல் சும்மாயிருத்தலன்று. குளிர்ந்த காற்று கனமுடையதாகையால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். எனவே முட்டைக்கோஸ் நாற்றங்காலை மேட்டுச் சரிவில் அமைத்து, மாலையில் உலர்ந்த புல்லால் மூடி, காலையில் நீக்குக. தை இறுதியில் விதைத்த நாற்று பங்குனியில் நடவுக்காகும். விதைக்கிழங்கை இருளிற் குவியாமல், நேர் வெயில் படாத வெளிச்சத்திற் பரப்பி வைத்தால், குறுகித் தடித்த முளைகள் தோன்றும். நட்டபின் அவை விரைந்து வளர்ந்து தாமதத்தை ஓரளவு ஈடு செய்யும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பனி தங்கும் நிலங்கள் எவையென ஊர் முதியோர் அறிவர். அதனைக் கேட்டறிந்து, புதிதாகக் குத்தகைக்கு எடுப்போருக்கு முன்னரே உரைத்தல் பேருபகாரமாகும். பிந்திய பயிருக்கு விலை குறையலாம். கருகிய பயிருக்கு விலையே இல்லை.