எங்கள் முன்னத்தி ஏர்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழ் நடத்துகிறேன். பிள்ளைகளில் பலருக்கு அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். மற்றவர்கள் மானாவாரிச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். உங்கள் நாயகன் யார் என்று கேட்டால் நடிகர் பெயர்தான் முதலில் வரும். அதில் தப்பில்லை. ஆனால் பக்கத்து இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணனை அவர்களுக்குக் காட்டாமல் விட எனக்கு மனம் ஒப்பாது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். புஞ்சைக்காரர். விவசாயிகளுக்காகச் சிறைக்குப் போனவர். முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். அவரைப் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

வகுப்பில் அவருடைய ‘கதவு’ கதையை வாசித்தேன். தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைத் தலையாரி பெயர்த்துக்கொண்டு போகிற கதை. மறுநாள் ஒரு பெண் நோட்டை நீட்டினாள். வட்டிக் கடனுக்காக அவர்கள் வீட்டு ஆட்டைப் பிடித்துப் போனதை எழுதியிருந்தாள். முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்ததாம். தம்பி அதை அவிழ்க்கவே விடவில்லையாம். “இதெல்லாம் கதையா எழுதலாமா டீச்சர்?” என்று கேட்டாள். நம் வீட்டில் நடப்பதும் எழுதத் தக்கதுதான் என்ற தைரியத்தை அந்தக் கதை அவளுக்குக் கொடுத்திருந்தது. நாயகன் என்றால் எனக்கு இப்படி நம்மைக் கிளப்பிவிடுகிறவர்தான். அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவதற்கு மட்டும் ஒருவர் எதற்கு?

கி.ரா. என்ற முன்னத்தி ஏர் போன தடத்தில் மற்ற ஏர்களும் இறங்கின. இடைசெவலில் கூடவே வளர்ந்த கு. அழகிரிசாமி அவருக்குச் சமமான கூட்டாளி. 1970-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது அழகிரிசாமிக்கு, 1991-இல் கி.ரா.வுக்கு, 2014-இல் ‘அஞ்ஞாடி’ எழுதிய பூமணிக்கு, 2019-இல் ‘சூல்’ எழுதிய சோ. தர்மனுக்கு. மழையை நம்பிப் பிழைக்கிற ஒரு சின்ன வட்டாரத்தில் இத்தனை பேர். ‘சூல்’ ஒரு கண்மாய் அழிந்த கதை. உருளைக்குடிக்காரரான தர்மன் எழுதாமல் வேறு யார் எழுதுவார்?

2021-இல் கி.ரா. மறைந்தபோது அரசு மரியாதை கிடைத்தது. கோவில்பட்டியில் நினைவரங்கமும் எழுந்தது. மிக நல்லது. என் கோரிக்கை இன்னும் ஒன்றுதான். அவர் பிறந்த நாளான செப்டம்பர் 16 அன்று, மாலை போட்டுக் கலைந்துவிடாமல், இந்த வட்டாரப் பள்ளிகள் பிள்ளைகளின் தாத்தா ஆச்சிகளை வகுப்பில் உட்காரவைத்துப் பேசச் சொல்ல வேண்டும். பஞ்சம் பிழைக்கப் போனது, பருத்தி எடுத்தது, கிணறு வெட்டியது எல்லாம் வரட்டும். பிள்ளைகள் கேட்டபடியே எழுதட்டும். சிவப்பு மை வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.