பழைய ஸ்விஃப்ட்டே போதும்டா தம்பி

போன ஞாயித்துக்கிழமை சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம், சேர்த்து வச்சது ஆறு லட்சம். "ணா, மேனுவல் கியர் ஹேட்ச்பேக் ஒண்ணு எடுத்து நல்லா டியூன் பண்ணி ஓட்டணும்ணா"ன்னு ஒரு நோட்டை நீட்டினான். மொதல் வரியில போலோ 1.0 டிஎஸ்ஐ. அடுத்து பலேனோ ஆர்எஸ், டியாகோ ஜேடிபி, ஃபிகோ டீசல். ஒவ்வொண்ணுக்கும் நேரா எத்தனை குதிரைன்னு எழுதியிருந்தான். வண்டி விலை எழுதியிருந்தான். அதுக்கப்புறம் கையில எவ்வளவு மிஞ்சும்ங்கற காலம் மட்டும் இல்ல!

நோட்டை மூடி வச்சுட்டு, பழைய ஸ்விஃப்ட் வாங்குன்னு சொன்னேன். பையன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. சித்தி வேற "நீயே ஒரு பழசை வச்சு அழுதது போதாதா"ன்னாங்க. சித்தி சொன்னதும் நியாயம்தான். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

அவன் லிஸ்ட்டுல இருந்ததெல்லாம் மட்டமான வண்டியான்னா, சத்தியமா இல்லைங்க. 2020ல வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ 110 பிஎஸ், ஆறு கியர். டர்போ இருக்கறதால ஈசியூவை ரீமேப் பண்ணினாலே கணிசமா ஏறும். 2017ல வந்த பலேனோ ஆர்எஸ்ஸும் டர்போதான், 102 பிஎஸ். டியாகோ ஜேடிபின்னா எனக்கே கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு. 2018ல நம்ம கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டாவும் சேர்ந்து பண்ணின வண்டி, 114 பிஎஸ். ஃபிகோ 1.5 டீசல் 100 பிஎஸ், இழுவை 215 என்எம். மலை ஏறும்போது சிரிச்சுக்கிட்டே ஏறும்.

ஆனா இதுல ஒண்ணு கூட இப்ப புதுசா வர்றது இல்ல. பலேனோ ஆர்எஸ், ஜேடிபி ரெண்டும் 2020லயே முடிஞ்சுது. போலோ 2022ல. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல தயாரிப்பை நிறுத்தறோம்னு சொல்லிட்டாங்க. சாதாரணமா ஆபீஸ் போய்ட்டு வர்றவருக்கு இது பெரிய பிரச்சினை இல்ல. டியூன் பண்றவன் எதையாவது உடைக்காம இருக்க மாட்டான், அவனுக்குத்தான் பிரச்சினை. ஜேடிபிக்குன்னே செஞ்ச பம்பர் ஒண்ணு உடைஞ்சா எங்க போவான்? அலாய் வீல்ல ஆரம்பிச்சு எல்லாமே இடிக்கும். ஃபிகோவோட போல்ட் பேட்டர்ன் 4x108, போலோவோடது 5x100. ஸ்விஃப்ட்டோடது 4x100, நம்மூர்ல பாதி சின்ன கார்களோட அளவு அதுதான். பழைய வீல் கடைக்குப் போனா குவியல்லேர்ந்து பொறுக்கி எடுக்கலாம்.

இப்ப ஸ்விஃப்ட். 2005ல வந்தப்ப 1.3 லிட்டர், நாலு சிலிண்டர், 87 குதிரை. அது அந்த வண்டிக்குன்னு புதுசா செஞ்ச இன்ஜினும் இல்ல. ஜி13 குடும்பம். எஸ்டீம்லயும் ஜிப்ஸியிலயும் ஓடினதோட பங்காளி. எஸ்டீமை ராலிக்கும் ரேஸுக்கும் போட்டு வதைச்ச காலத்துலயே இந்த இன்ஜினோட நாடித்துடிப்பை நம்ம மெக்கானிக்குங்க படிச்சு முடிச்சுட்டாங்க. கோயம்புத்தூர், சென்னை ரெண்டு ஊர்லயும் அந்தத் தலைமுறை மெக்கானிக்குங்க இன்னும் இருக்காங்க, லேப்டாப் இல்லாமலே காதால கேட்டுச் சொல்லுவாங்க. 2010ல 1.2 கே சீரிஸ் வந்துச்சு. குதிரை ரெண்டு குறைவு, ஆனா டைமிங் பெல்ட்டுக்குப் பதிலா செயின். தலைவலி இல்லாம ஓட்டணும்னு நினைக்கறவங்களுக்கு அதுவும் சரிதான்.

டர்போ இல்லாத இன்ஜினை ரீமேப் பண்ணினா என்ன கிடைக்கும்னு கேட்டான். பெருசா ஒண்ணும் கிடைக்காது. அஞ்சு, ஆறு குதிரை கூட வந்தா அதிர்ஷ்டம். காத்து ஃபில்டரை மாத்தினா சத்தம் வரும், வேகம் வந்த மாதிரி ஒரு பிரமையும் வரும் :-)

அப்புறம் எதுக்கு அதை வாங்கச் சொல்றேன்னா, மிஞ்சற காசுக்காகத்தான். ரெண்டு லட்சத்தைச் சுத்தி ஒழுங்கான பழைய ஸ்விஃப்ட் கிடைச்சா, மிச்சம் நாலு லட்சம் கையில இருக்கும். போலோ வாங்கினா மொத்தமும் அங்கயே காலி. அப்புறம் பையன் என்ன செய்வான்? பத்தாயிரம் பதினஞ்சாயிரம் தேத்தி ரீமேப் மட்டும் பண்ணுவான். தேஞ்ச டயரு, பழைய பிரேக், 140 குதிரை. இந்தக் கணக்குதான் எனக்குப் பயம்.

ஏன்னா இதே தப்பை நான் பண்ணியிருக்கேன். என்கிட்ட இருந்ததும் ஸ்விஃப்ட்தான். சைலன்சர் மாத்தினேன், ஃபில்டர் மாத்தினேன், ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டி வண்டியை இறக்கினேன் (கேவலம், ஒத்துக்கறேன்). பிரேக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. ஒருநாள் கோத்தகிரியிலேர்ந்து மேட்டுப்பாளையம் இறங்கறோம். பக்கத்துல வீட்டுக்காரம்மா, பின்னாடி பொண்ணு தூங்கிட்டு இருக்கா. ஒவ்வொரு வளைவுலயும் கடைசி நிமிஷத்துல பிரேக் அடிச்சு வித்தை காட்டிட்டு வந்தேன். பாதி மலையில கருகின வாசனை. அடுத்த வளைவுல மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. வண்டி நிக்கல.

அப்ப காப்பாத்தினது கியர்தான். மூணுலேர்ந்து ரெண்டு, ரெண்டுலேர்ந்து ஒண்ணு. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப் பக்கம் மண்மேட்டுல உரசி நிறுத்தினேன். பொண்ணு முழிச்சு "வீடு வந்துருச்சாப்பா"ன்னு கேட்டா. வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசல, ஊர் வந்து சேர்ற வரைக்கும் பேசல.

காரணம் ரொம்பச் சாதாரணம். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில்னா 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது தரக்கணக்கு, ஈரம் சேர்ந்ததுக்கு அந்தக் கணக்கு 155தான். கொதிச்சா ஆவி. ஆவியை எவ்வளவு மிதிச்சாலும் அமுங்கத்தான் செய்யும், பிரேக் பிடிக்காது. நான் அந்த ஆயிலை மாத்தினதே இல்ல. சைலன்சருக்குக் குடுத்த காசுல இருபது தடவை மாத்தியிருக்கலாம்.

அதனால பையனுக்கு நான் எழுதிக் குடுத்த வரிசை வேற. மொதல்ல பிரேக் ஆயில், நல்ல பேட், டிஸ்க். ரெண்டாவது டயர். அடிமட்ட மாடல்ல வந்த 165/80 ஆர்14 ரொம்ப ஒல்லி. 185/70 ஆர்14 போட்டா மொத்த விட்டம் ஒரு சதவீதம்கூட மாறாது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 15 அங்குல வீல் வேணும்னா 195/60. பார்க்க அழகா இருக்குன்னு 195/55 போட்டா விட்டம் கிட்டத்தட்ட 4 சதவீதம் குறையும், நம்மூரு வேகத்தடை அடிவயித்துல முத்தம் குடுக்கும். மூணாவது புஷ், ஷாக் அப்சார்பர். பதினஞ்சு வருஷ வண்டியில இந்த ரப்பரெல்லாம் செத்துப் போயிருக்கும். புதுசு போட்டாலே வேற வண்டி மாதிரி திரும்பும். இன்ஜின்ல கை வைக்கறதெல்லாம் இதுக்கு அப்புறம்.

சட்டத்தையும் சொல்லிடறேன். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோன்னு 182ஏ பிரிவுல சேர்த்தாங்க. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல தேடறதும் இதைத்தான். சத்தம் போடற சைலன்சரை ரோட்டுல மாட்டாதடா, செட்டிப்பாளையம் கரி டிராக்ல ஓட்டறதுக்குன்னு தனியா வச்சுக்கோன்னேன். நல்ல பேடும் புது ஆயிலும் போட்டா எந்த போலீஸும் பிடிக்கப் போறதில்ல.

பழைய வண்டியில வில்லங்கம் இல்லாமலும் இல்ல. பதினஞ்சு வருஷம் தாண்டினா ஆர்சியைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணத்தை 600லேர்ந்து 5,000 ஆக்கிட்டாங்க, பசுமை வரி தனி. கதவுக்கு அடியில துரு, டைமிங் பெல்ட் மாத்தின கணக்கு, இதெல்லாம் பார்க்காம அட்வான்ஸ் குடுக்கக் கூடாது. ஏர்பேக், ஏபிஎஸ் விஷயத்துல போலோவோட இதை ஒப்பிடவே முடியாது. அதைச் சொன்னப்ப பையன் "அப்ப நீங்களே போலோவுக்கு ஓட்டு போடறீங்க"ன்னு மடக்கினான். ஏபிஎஸ் வந்த ஸ்விஃப்ட்டாப் பாரு, இல்லாட்டி கூட ஒரு வருஷம் சேர்த்து போலோ வாங்கி அதை அப்படியே ஓட்டு, கையே வைக்காதன்னேன். அதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறான்.

ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணினான். பொள்ளாச்சியில ஒரு 2009 ஸ்விஃப்ட், ஒரே ஓனர், ஆர்சி புதுப்பிச்சாச்சாம். "ஏபிஎஸ் இருக்குண்ணா"ன்னு மொதல்ல அதைத்தான் சொன்னான். வர்ற ஞாயிறு போறோம். கம்ப்ரஷன் கேஜ் ஒண்ணு கடன் வாங்கி வச்சிருக்கேன், சித்திகிட்ட இன்னும் சொல்லல.