வருமுன் காக்கும் மருந்து

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. கதிரியக்கத்தினின்று உயிரைக் காக்கும் மருந்துகளின் விஷயத்தில் இதுவே சாஸ்திர உண்மையாகவும் இருக்கிறது.

1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிச்சாலையில் ஹார்வி பாட் என்பவரும் அவருடைய சகாக்களும் எலிகளுக்கு சிஸ்டீன் என்னும் பொருளைச் செலுத்தி, பின்னர் கொல்லத்தக்க அளவில் எக்ஸ்-ரே கிரணங்களைப் பாய்ச்சினர். மருந்து பெற்ற எலிகளில் பிழைத்தவை, பெறாதவற்றினும் மிகப் பல. கிரணம் பட்டபின் கொடுத்தபோதோ அதே மருந்து பயன்படவில்லை. காரணம் எளிது. கிரணமானது உடலிலுள்ள நீரைத் தாக்கிக் கணப்பொழுதில் உக்கிரமான துணுக்குகளை உண்டாக்குகிறது. அவை உயிரணுக்களைச் சிதைக்கின்றன. சிஸ்டீனிலுள்ள கந்தகப் பகுதி அத்துணுக்குகளை அடக்கவல்லது. ஆனால் களவு போனபின் வரும் காவலனால் ஆவதென்ன?

இதனையறிந்த அமெரிக்க ராணுவம், அணுயுத்தத்தில் தன் சிப்பாய்களைக் காக்கவேண்டி, 1959 முதல் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலாக நாலாயிரத்துக்கு மேற்பட்ட ரசாயனப் பொருள்களைப் பரீட்சித்தது. அவற்றுள் தலைசிறந்ததாகத் தேறியது அமிபாஸ்டின். சுண்டெலிகளிடம் அது காட்டிய பலன் வியக்கத்தக்கதே. மனிதருக்கோ அது குமட்டலையும் வாந்தியையும் ரத்த அழுத்தக் குறைவையும் விளைவிப்பது. வாந்தியெடுத்து மயங்கும் சிப்பாய் போர் புரிவதெங்ஙனம்? போர்க்களத்துக்கு உதவாத அம்மருந்து ஆஸ்பத்திரிக்கு உதவிற்று. புற்றுநோய் மருந்தொன்றால் சிறுநீரகங்களுக்கு நேரும் கேட்டைக் குறைக்க 1995-லும், தலை, கழுத்துப் பகுதிகளில் கதிர் சிகிச்சை பெறுவோரின் வாய் உலர்ந்துபோவதைக் குறைக்க 1999-லும் அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதியளித்தது.

இதில் அடங்கிய நீதியை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். கிரணம் பாயும் வேளையை முன்கூட்டி அறிந்தவர் இருவரே. ஒருவர் சிகிச்சை செய்யும் வைத்தியர். மற்றவர் குண்டு வீசுபவர். 1945-இல் ஹிரோஷிமாவில் காலை வேலைக்குப் புறப்பட்ட ஜனங்கள் அவ்வேளையை அறிந்திருந்தார்களா? ஆகவே இத்தகைய மருந்து நோயாளிக்குக் கவசமாகும். குண்டு வீசத் துணிந்தவனுக்குத் தைரியமாகும். நகரத்து ஜனங்களுக்கு யாதுமாகாது.

கிரணம் பட்டபின் உதவும் மருந்துகளும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எலும்பு மஜ்ஜை கெட்டவர்களுக்கென 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பில்கிராஸ்டிம் அத்தகையதே. மனிதரைக் கிரணத்துக்கு இரையாக்கிச் சோதிப்பது அதர்மமாதலால், குரங்குகளிடம் கண்ட பலனைக்கொண்டே அவ்வனுமதி அளிக்கப்பட்டது. விபத்தில் அகப்பட்ட சிலரை அது காக்கக்கூடும். ஆஸ்பத்திரியும் வைத்தியர்களும் ஒருங்கே எரிந்துபோன நகரத்தில் அதை யார் யாருக்குக் கொடுப்பது?

ஆராய்ச்சி ஓங்குக என்பதே நமது அபிப்பிராயம். வாயில்லா ஜீவன்கள் உயிர் கொடுத்துக் கற்பித்த பாடம் நோயாளிகளின் துயர் தீர்க்கப் பயன்படட்டும். ஆனால் மருந்திருக்கிறது என்னும் துணிவால் அணுயுத்தம் தாங்கத்தக்கதே என்று எந்த அரசு சொன்னாலும் அது தன் ஜனங்களை ஏமாற்றுவதேயாகும். அணுகுண்டை ஒழிப்பதே வெள்ளம் வருமுன் போடத்தக்க அணை.